ஃபோரம் மென்பொருள் வேக ஒப்பீடு: எதை அளந்தால் நியாயம்?

மாடித்தோட்டம்:
எங்கள் தோட்டக் குழுவின் ஃபோரம் பிஎச்பிபிபி என்ற மென்பொருளில் ஓடுகிறது. டிஸ்கோர்ஸ் என்ற இன்னொன்றுக்கு மாறலாமா என்று பேச்சு வந்ததால், விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) இரண்டையும் நிறுவி, கோரிக்கைகளை அடுக்கடுக்காக அனுப்பி வேகம் அளக்கும் அப்பாச்சி பெஞ்ச் (ஏபி) ஓட்டினேன். லாகின் செய்யாமல் முகப்பை அடித்தபோது டிஸ்கோர்ஸ் நன்றாகவே முந்தியது. ஆனால் லாகின் செய்து திரிகளைத் திறந்தால் பிஎச்பிபிபிதான் சட்டென்று வருகிறது. எதை நம்புவது?

சர்வர்காரன்:
நீங்கள் அளந்தது கேஷின், அதாவது சேமித்து வைத்த நகலின் வேகம். லாகின் செய்யாதவருக்குக் கொடுத்த பக்கத்தை டிஸ்கோர்ஸ் ரெடிஸில் (நினைவகத்தில் இயங்கும் தரவுக் கிடங்கு) வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கும் அதையே நீட்டும். முழுப் பக்கத்தையும் திரும்ப உருவாக்கும் வேலையே அங்கே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். வருகிறவரின் யூசர் ஏஜென்ட் (தான் எந்த மென்பொருள் என்று அனுப்பும் அடையாள வரி) உலாவியைப் போல இல்லாவிட்டால், தேடுபொறி ரோபோ என்று எடுத்துக்கொண்டு எளிய எச்டிஎம்எல் பக்கத்தைக் கொடுத்துவிடும். ஏபியோ தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. ரிசல்ட்டில் ‘டாக்குமென்ட் லெங்த்’ என்ற வரியை, உலாவியில் வரும் அதே பக்கத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உறுப்பினர் திரியைத் திறக்கும்போதுதான் நிஜமான சுமை. யார் எதுவரை படித்தார், எந்தப் பிரிவுக்கு அனுமதி உண்டு, என்ன அறிவிப்பு பாக்கி எல்லாம் தேட வேண்டும். ஒவ்வொரு பதிவையும் எவ்வளவு நேரம் படித்தார் என்பதைக்கூட டிஸ்கோர்ஸ் பின்னணியில் சர்வருக்கு அனுப்பும். ஏபி ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, அதனால் அந்தச் சுமை உங்கள் கணக்கில் வரவில்லை. திரியின் ஒரு பக்கத்துக்கு பிஎச்பிபிபி இயல்பாக 10 பதிவுகள் காட்டும், டிஸ்கோர்ஸ் 20 எடுக்கும். நொடிக்கு எத்தனை பக்கம் என்ற ஒற்றை எண்ணை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடுவது அநியாயம்.

கோமதி_வெப்:
சர்வர்காரன் சார், என்னைப் போல சின்னத் தளம் நடத்துபவர்கள் யாரும் வேகத்துக்காக அமைப்புகளை மாற்றி டியூன் செய்வதில்லை. நிறுவியபடியே என்ன வேகம் கிடைக்கும் என்பதுதான் எனக்கு வேண்டும். அந்த வகையில் இவர் செய்த ஒப்பீடு சரிதானே?

சர்வர்காரன்:
கேள்வி நியாயமானது. ஆனால் ‘நிறுவியபடி’ என்பது இரண்டு பக்கமும் ஒன்றல்ல. டிஸ்கோர்சின் அதிகாரபூர்வ நிறுவல், தேவையானதை ஒரே பொதியாகத் தரும் டாக்கர் வழியாக வருகிறது. இன்ஜினெக்ஸ் (வெப் சர்வர்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), ரெடிஸ் எல்லாவற்றையும் அதை எழுதியவர்களே கட்டமைத்துத் தருகிறார்கள். பிஎச்பிபிபி, பிஎச்பி மொழியில் எழுதிய வெறும் ஜிப் கோப்பு. அதை எந்த பிஎச்பியின் மேல் ஏற்றுகிறீர்களோ அந்த வேகம்தான். கம்பைல் செய்த நிரலைச் சேமித்து வைக்கும் ஓபிகேஷ், பிஎச்பி 5.5 முதல் கூடவே வருகிறது, ஆனால் ஓடுகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அணைந்திருந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எல்லா கோப்புகளையும் முதலிலிருந்து கம்பைல் செய்யும். அதை பிஎச்பிபிபியின் குறையாக எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மறுபக்கம், பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பிபிபி ஓடும், டிஸ்கோர்சை அங்கே நிறுவவே முடியாது. சின்னத் தளத்துக்கு இதுவும் பெரிய கணக்கு.

@மாடித்தோட்டம், டிஸ்கோர்சிலேயே பிஎச்பிபிபி3 இறக்குமதி ஸ்கிரிப்ட் இருக்கிறது. உங்கள் பழைய பதிவுகளையே ஏற்றி அளந்து பாருங்கள். மாதிரி ஆங்கிலப் பத்திகள் வேண்டாம். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் ‘கி’ மட்டுமே 6 பைட், அதனால் பக்கத்தின் அளவே மாறிவிடும். ஏபியை அதே விபிஎஸ்ஸில் ஓட்டாதீர்கள், சிபியுவை அதுவும் பங்கு கேட்கும். சராசரியோடு நிற்காமல் 95%, 99% கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற வரிகளையும் போடுங்கள்.

மாடித்தோட்டம்:
ஓபிகேஷ் அணைந்துதான் இருந்தது, இப்போது போட்டுவிட்டேன். உறுப்பினராக லாகின் செய்ததைக் காட்டும் குக்கீயை ஏபி கட்டளையில் கொடுக்க சின்ன சி (-c) தானே?

சர்வர்காரன்:
பெரிய சி (-C). சின்ன சி ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை என்பதற்கு. குக்கீயை எந்த உலாவியில் எடுத்தீர்களோ அதன் யூசர் ஏஜென்டையும் அப்படியே கொடுங்கள், அதே ஐபியிலிருந்து ஓட்டுங்கள். பிஎச்பிபிபி இயல்பாக இரண்டையும் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் செஷனை (லாகின் நிலையை) ஏற்காது, விருந்தினருக்கான பக்கம்தான் வரும்.