மரத்தூளில் காகிதம், பலகை: இரண்டுக்கும் ஒரே தூள் ஆகுமா?

வியாசர்பாடி_வேலு:
எங்கள் பக்கத்து மர அறுவை மில்லில் தூள் சும்மாவே தருகிறார்கள், தேக்கு, வேம்பு எல்லாம் கலந்தது. ஹார்பரில் இருந்து வரும் பைன் பெட்டிகளும் சல்லிசாகக் கிடைக்கும். கைக்காகிதம் செய்து ஆண்டர்சன் தெருவில் கல்யாணக் கார்டுக்குக் கொடுக்கலாம், அப்புறம் பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக்கில் தூள் கலந்து பலகை போடலாம் என்று யோசனை. தூளை ஊற வைத்து அரைத்துச் சல்லடையில் அள்ளிப் பார்த்தேன், காய்ந்ததும் உதிர்ந்துவிடுகிறது. என்ன சேர்க்கணும்?

கூழ்க்காரர்:
எதைச் சேர்த்தாலும் உதிரும் தம்பி. நாரும் நாரும் பின்னி ஒட்டினால்தான் தாள். ரம்பம் நாரைத் துண்டு துண்டாக்கிவிட்டது, மிச்சத்தை லிக்னின், அதாவது மரத்தில் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பூசி மூடியிருக்கிறது. பைன் நார் 3 மி.மீ. நீளம் இருக்கும், தாள் சுலபத்தில் கிழியாது; சவுக்கு, தைலமரம் எல்லாம் 1 மி.மீ. பக்கம்தான், ஆனால் அச்சுக்கு வழவழப்பு தரும். அதனால்தான் மில்களில் இரண்டையும் கலப்பார்கள். பைன் பெட்டி இருக்கிறதே என்று இறங்காதீர்கள், லிக்னினைக் கரைக்கக் காஸ்டிக் சோடாவும் சல்பைடும் போட்டு 170 டிகிரியில் பிரஷரில் வேக வைக்கணும், அந்தக் கறுப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள், பக்கிங்காம் கால்வாய் பட்டது போதாதா? திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் வாங்குங்கள். பருத்தியில் லிக்னின் தொல்லை இல்லை, கார்டு பழுப்பேறாது. உள்ளூர் அட்டைப்பெட்டி வேண்டாம், பல தடவை கூழாகிக் காய்ந்து விறைத்த நார், சரியாக ஒட்டாது.

மணலி_மோல்டிங்:
பலகைக்கு அந்தத் தூள் தாராளமாகப் போதும், பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷினின் ஸ்க்ரூ எப்படியும் நாரை நொறுக்கத்தான் போகிறது. 40 முதல் 60 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) சல்லடையில் சலியுங்கள். தேக்குத் தூளை மட்டும் தனியாகப் பிரித்துவிடுங்கள், அதன் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டவிடாது. மரம் தண்ணீர் குடிக்கிற சாதி, பிபி தண்ணீரே ஆகாத சாதி, நடுவில் மெலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பிபி 3 சதவீதம் போட்டால்தான் இரண்டும் பிடிக்கும். சூடு 200 டிகிரி தாண்டினால் மரம் கருகி நாற்றமடிக்கும். பைன் பெட்டியை அரைக்கும் முன் ஏற்றுமதி மரப்பெட்டிகளில் குத்தும் கோதுமைக் கதிர் முத்திரையைப் பாருங்கள்: எச்டி (HT) என்றால் சூடு காட்டியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தைல் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது, தொடாதீர்கள். ஆணிகளையும் பிடுங்கிவிடுங்கள்.

வியாசர்பாடி_வேலு:
ரொம்ப நன்றி அண்ணே. தூளை மொட்டை மாடியில் காய வைத்தால் போதுமா?

மணலி_மோல்டிங்:
போதாது. நம்ம கடற்காற்றில் எவ்வளவு வெயில் அடித்தாலும் 10 சதவீத ஈரம் நிற்கும், உங்களுக்கு 1 சதவீதத்துக்குக் கீழே வேண்டும், இல்லையென்றால் ஆவி கிளம்பிப் பலகை முழுக்கக் குமிழ். 105 டிகிரி ஓவனில் காய வைத்து, சூடு ஆறும் முன்பே மூடி போட்ட டிரம்மில் போடுங்கள்.