அமெரிக்க ரெசிபில லிக்விட் மால்ட், இங்க கடைல தூள் மட்டும்தான். எடைக்கு எடை மாத்தலாமா?

வணக்கம் நண்பர்களே, நான் மெல்போர்ன்ல இருக்கேன், வீட்லயே பீர் காய்ச்சறேன், இது என்னோட ரெண்டாவது பேட்ச். 19 லிட்டர் பேல் ஏல் பீர், ரெசிபில 1.5 கிலோ லைட் லிக்விட் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டின பார்லில இருந்து எடுத்த பாகு) ஒண்ணு, அதே எடைல ஆம்பர் (கொஞ்சம் கருத்த வகை) ஒண்ணு போட்டிருக்கு. பக்கத்து கடைல லைட் தூள் மட்டும்தான் இருக்கு, 3 கிலோவும் அதையே போட்டுடலாமா? கூப்பர்ஸ் 1.7 கிலோ டின்னும் இருக்கு, அது ஆகுமா?

நுரைப்பிரியன்:
அப்படியே 3 கிலோ போட்டுடாதீங்க ப்ரோ, பீர் ரொம்ப ஸ்ட்ராங்கா போயிடும். லிக்விட்ல அஞ்சுல ஒரு பங்கு தண்ணிதான், அதனால 0.8ஆல பெருக்குங்க, 3 கிலோவுக்கு 2.4 கிலோ தூள், ஓஜி (புளிக்கறதுக்கு முன்னாடி இருக்கற அடர்த்தி) 1.047 கிட்ட வரும். அந்த 1.7 கிலோ டின்ல பெரும்பாலும் ஹாப்ஸ் (கசப்புக்கு போடற பூ) ஏற்கனவே சேர்த்திருப்பாங்க, அது மேல ரெசிபி ஹாப்ஸையும் போட்டா கசப்பு தாங்காது, லேபிள்ல அன்ஹாப்டுன்னு (ஹாப்ஸ் சேர்க்காதது) இருந்தா மட்டும் எடுங்க. குறையற மால்ட்டுக்கு பதிலா சர்க்கரை போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஆல்கஹால் வரும் ஆனா ஈஸ்ட் அத்தனையும் தின்னுடும், வாய்ல ஒண்ணும் நிக்காது.

மால்ட்_மாமா:
கணக்கு சரி தம்பி, ஆனா ஆம்பரை விட்டுட்டீங்களே. ஆம்பர்ல நிறம் மட்டும் இல்ல, கிரிஸ்டல் மால்ட்டோட (வறுத்த ஒரு வகை மால்ட் தானியம்) கேரமல் ருசியும் இருக்கு, வெறும் லைட் தூள் போட்டா அது கிடைக்கவே கிடைக்காது. லைட் தூள் 2.25 கிலோ எடுத்துக்குங்க, கூட மீடியம் கிரிஸ்டல் 250 கிராம் உடைச்சு துணிப்பைல கட்டி 65-70 டிகிரி தண்ணில அரை மணி நேரம் ஊற வெச்சு எடுத்துட்டு அப்புறம் கொதிக்க விடுங்க. அச்சு அசல் அதே ஆம்பர் வராது, ஏன்னா ஒவ்வொரு கம்பெனியும் என்ன மால்ட் எவ்வளவு கலக்குறாங்கங்கறது வேற வேற, ஆனா எனக்கு இப்படி ஊற வெச்சு பண்றதுதான் இன்னும் பிடிக்கும், மால்ட் வாசனை புதுசா இருக்கும்.

தூளை கொதிக்கிற பானைக்கு மேல நின்னு கொட்டாதீங்க, ஆவி பட்டதும் பாக்கெட் வாய்லயே கட்டி தட்டிடும். கூழுக்கு ராகி மாவு கரைப்போமே, அது மாதிரி பச்சைத்தண்ணில கரைச்சு, அடுப்பை அணைச்சுட்டு ஊத்துங்க. தூள்ல பாதிய கொதிக்கிற கடைசி 10 நிமிஷத்துல சேர்த்தா நிறமும் ரொம்ப கருக்காது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி மாமா, நன்றி ப்ரோ. டின்னை திருப்பி பாத்தேன், ஹாப்டுதான், நல்லவேளை வாங்கல. கிரிஸ்டல் 250 கிராம் உடைச்சே தர்றாங்களாம், சனிக்கிழமை காய்ச்சிட்டு ஓஜி எவ்வளவு வந்துச்சுன்னு இங்கயே போடறேன்.