மறு: 'ஸ்டோர்டு எனர்ஜி' – சேமிப்பாற்றலா, பதுங்கு விசையா?

குழுவினருக்கு வணக்கம். எஞ்சினை நிறுத்திப் பூட்டிய பிறகும் வில்லிலோ அழுத்தத்திலோ அடங்கியிருந்து திடீரென்று பாயக்கூடிய ஆற்றல்தான் 'ஸ்டோர்டு எனர்ஜி'. எச்சரிக்கைத் தாள்களில் அதைப் 'பதுங்கு விசை' என்று எழுதலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'சேமிப்பாற்றல்' என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே. புதிதாக ஒன்று எதற்கு?

டெல்லி ஐயா கேட்பது நியாயம்தான். புரியத்தான் செய்கிறது, தப்பாகப் புரிகிறது.

நான் செம்பூர்வாசி. ஜுஹூவில் ஹெலிகாப்டர் ஏறி, கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கத்து எண்ணெய் மேடைகளில் லைஃப்போட் எஞ்சின் பார்ப்பது என் பிழைப்பு. கப்பல்களுக்கான சோலாஸ் (கடலில் உயிர் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம்) விதியைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். வாரம் ஒருமுறை 3 நிமிடமாவது எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். மைனஸ் 15 டிகிரியிலும் 2 நிமிடத்துக்குள் அது கிளம்ப வேண்டும். (அரபிக் கடலில் அந்தக் குளிருக்கு எங்கே போவது!)

பேட்டரி காலை வாரினாலும் கிளம்ப வேண்டுமே என்று பல எஞ்சின்களில் வேறொரு ஸ்டார்ட்டரும் இருக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே சுருள்வில் இறுகும். நெம்புகோலைத் தட்டினால் அது விரிந்து எஞ்சினைச் சுழற்றிவிடும். இன்னொரு வகையில், கைப்பம்பால் எண்ணெயை அடித்து, நைட்ரஜன் நிரப்பிய உருளையில் அழுத்தத்தை ஏற்றி வைப்போம். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டாம். பேட்டரி சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாலும் அவை பாட்டுக்குத் தயாராக இருக்கும்.

ஒரு மேடையில் அப்படித்தான் ஆனது. பேட்டரி பூட்டியாகிவிட்டது, எச்சரிக்கை அட்டையும் தொங்கியது. தூத்துக்குடித் தம்பி ஒருவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். முந்தைய ஷிஃப்ட்டில் யாரோ வில்லை முறுக்கிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கில் இன்னொருவரின் முழங்கால் நெம்புகோலில் பட, எஞ்சின் உதறிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. கிழிசல் துணி எடுக்கத் தம்பி அப்போதுதான் கையை எடுத்திருந்தார். கையுறை மட்டும் போயிற்று.

'சேமித்த ஆற்றலை வெளியேற்றவும்' என்று தமிழில் நானே எழுதி ஒட்டிய தாள் பக்கத்திலேயே இருந்தது. "படிச்சேன் அண்ணே. சேமிப்பு நல்லதுதானே, அதை ஏன் வெளியேத்தணும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கை ஞாபகப்படுத்தும் சொல் பயமுறுத்தாது.

புலி பதுங்குவது பாய்வதற்கே என்று எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதனால்தான் 'பதுங்கு விசை'.

> விசை என்பது ஃபோர்ஸ். எனர்ஜிக்கு ஆற்றல்தானே?

இயற்பியல் ஆசிரியை அம்மா சொல்வது பாடநூலுக்குச் சரி. ஆனால் விசைத்தறி, விசைப்படகு என்று சொல்லும்போது யாரும் நியூட்டனை நினைப்பதில்லை. தவிர, 'பதுங்காற்றல்' என்று சேர்த்தால் 'பதுங்காத ஆற்றல்' என்று படித்துவிடும் அபாயம் உண்டு. அது நேர் எதிர்ப்பொருள். பாடநூலில் நிலையாற்றல் இருக்கட்டும், அதில் நான் கை வைக்கவில்லை.

'பதுங்கு குழி' மாதிரி ஒலிக்கிறது என்ற ஆட்சேபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒலிக்கத்தான் செய்கிறது.

அப்புறம், வினை எதுவாக இருக்க வேண்டும்? 'வெளியேற்று' கூடாது, அது தண்ணீருக்குச் சொல்வது. பையன்கள் 'பிரஷரை இறக்கு' என்கிறார்கள். ஆகவே தாளில் இப்படி எழுத நினைக்கிறேன்:

பதுங்கு விசை உண்டு. இறக்கிவிட்டுக் கை வை.

'வை' மரியாதைக் குறைவா, 'வைக்கவும்' போடலாமா? வெள்ளிக்கிழமை அடுத்த சுற்றுக்குக் கிளம்புகிறேன், அதற்குள் சொன்னால் அச்சடித்துக் கொண்டுபோவேன்.