வெள்ளி மோதிரத்தில் நீலக்கல்: கட்டுவது பற்றி யோசனை தேவை

வணக்கம். உள்ளூர்ச் சுரங்கங்களில் எடுத்த நீலக்கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறேன். எல்லாம் நிறத்தை மேம்படுத்தச் சூடுபடுத்தாத கற்கள், அதனால் நிறம் சீராக இருக்காது. ஒன்றில் நடுப்பகுதி வெளிறி, ஓரத்தில் மட்டும் நீலம் கோடு கோடாக ஓடி, அறுகோணத்தின் மூலைபோல மடிந்து திரும்புகிறது. விற்கிறவருக்கு அது குறை. எனக்கோ அதுதான் அழகு!

இவற்றை 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) மோதிரமாக்க ஆசை. கல் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 9, அதில் எளிதில் கீறல் விழாது. வெள்ளிதான் மென்மை. கல்லைப் பிடிக்கச் சிறு கம்பிகளாக நகம் வைத்துக் கட்டினால் தினமும் போடுகிற மோதிரத்தில் நகம் வளைந்து கல் விழுந்துவிடுமோ என்று பயம். அதனால் கல்லைச் சுற்றி 999 வெள்ளிப் (கிட்டத்தட்டத் தூய வெள்ளி) பட்டை வைத்து மடிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

வெளிறிய கல்லுக்குப் பின்பக்கம் மூடுவதா, திறந்து விடுவதா? மூடினால் சோப்பும் அழுக்கும் உள்ளே தங்கிக் கல் மங்கித் தெரியும். திறந்தால் பின்னால் விரல் தெரிந்து அந்தக் கொஞ்ச நிறமும் எடுபடாமல் போகிறது.

அப்புறம், பின்னால் மோதிரத்தின் அளவைக் கூட்ட வேண்டி வந்தால்? வெள்ளியில் ஒரு பக்கம் தீ ஊதினாலே மோதிரம் முழுக்கச் சூடு பரவும். பற்றவைக்கும்போது பூசுகிற வெண்காரம் பட்டுச் சூடேறினால் நீலக்கல்லின் மேற்பரப்பே அரித்துவிடும். கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பற்றாசு (ஒட்டவைக்க உருக்கும் உலோகம்) வைக்கிறீர்களா? பட்டையைத் திரும்ப மடிக்கும்போது கிழியாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.