எட்ஜ், டோர்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் மலைநிலத்தையும் பாறையேற்றத்தையும் பற்றித் தமிழில் எழுத, எட்ஜ் (edge), டோர் (tor) போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் நண்பர்கள் எழுதியவற்றை மேற்கோளாகக் காட்டி என் பதிலைச் சொல்கிறேன்.

> எட்ஜ் என்றால் விளிம்பு. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஷெஃபீல்டுக்கு மேற்கே உள்ள ஸ்டானிஜ் எட்ஜையே எடுத்துக்கொள்வோம். கிழக்கேயிருந்து மூர் (moor) எனப்படும் மரமில்லாத மேட்டுநிலத்தில் நடந்து வந்தால் அங்கே பாறை இருப்பதே தெரியாது. ஹெதர் புதரும் கரிய ஈரமண்ணுமாகத் தரை மெல்ல ஏறிக்கொண்டே வரும். திடீரென்று காலடியில் நிலம் முடிந்துவிடும். அப்படி வருகிறவருக்கு அது விளிம்புதான். ஆனால் ஹாதர்சேஜ் ஊரிலிருந்து மேலே ஏறிப் போகிறவர் பார்ப்பது வேறு. ஐந்தாறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கறுத்த பாறைச் சுவர், வானத்தின் அடியில் கோடு இழுத்த மாதிரி நிற்கும். உயரம் பெரும்பாலும் இருபது மீட்டருக்குள்தான். பாறை ஏறுகிறவர்கள் எட்ஜ் என்று சொல்வது இந்தச் சுவரை. ‘விளிம்பில் ஏறினாள்’ என்று எழுதினால் சுவர் காணாமல் போய், அவள் ஏதோ ஓரத்தில் நிற்பதாக ஆகிவிடும்.

நான் முன்வைப்பது ‘வரைப்பாறை’. வரை என்றால் மலை. எல்லையும் கோடும் அதே சொல்லுக்குள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் எல்லை, கீழிருந்து பார்த்தால் மலைமுகம், தூரத்திலிருந்து பார்த்தால் கோடு. மூன்றையும் ஒரு சொல் தாங்குவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதலில் ‘பாறைவரை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பாறைவரை நடந்தோம்’ என்றதும் பொருள் மாறிப்போனது. அதனால்தான் வரையை முன்னால் கொண்டுவந்தேன்.

பாறையின் பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் மணற்கல் என்பது போதாது. சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கேயிருந்து வந்த ஆறுகள் கழிமுகத்தில் கொட்டிய பருமணல் இறுகி உருவான கல் இது. குவார்ட்ஸ் மணிகள் கையில் உறுத்தும். ஆகவே ‘பருமணற்கல்’. அந்தப் பாறைத் தொகுதியை ஆங்கிலத்தில் மில்ஸ்டோன் கிரிட் என்று, ஆலைக்கல்லின் பெயரால் அழைக்கிறார்கள். ஆலைக்கல்லுக்கு நம் ‘திரிகைக்கல்’ அப்படியே பொருந்தும். ஸ்டானிஜின் அடிவாரத்தில், கொத்தி முடித்தும் வாங்க ஆளில்லாமல் விட்டுப்போன வட்டக் கற்கள் இன்றைக்கும் புல்லுக்குள் கிடக்கின்றன. ஸ்டானிஜ் அமைந்திருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் சின்னமும் அந்தக் கல்தான்.

> டோருக்குக் கரடு என்றே சொல்லலாமே. மக்கள் வாயில் உள்ள சொல்தானே.

கரடு நல்ல சொல், அதை விட்டுவிட எனக்கும் மனமில்லை. ஆனால் கரடு என்பது முழுக் குன்று. பொத்தையும் அப்படித்தான். டோர் என்பது குன்று அல்ல, குன்றின் தலையில் நிற்கும் பாறை அடுக்கு மட்டும். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூரில் 457 மீட்டர் உயரத்தில் உள்ள ஹேடோரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சரிவெல்லாம் புல், உச்சியில் மட்டும் கருங்கல், ஆள் வைத்து அடுக்கியதுபோல.

அது எப்படி வந்தது என்பதில்தான் சொல்லுக்கான வழி இருக்கிறது. அந்தக் கருங்கல் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் குளிர்ந்து இறுகியது. அதில் கிடையாகவும் நெடுக்காகவும் பிளவுகள். பிளவுகள் நெருக்கமாக இருந்த இடத்தில் தண்ணீர் இறங்கிக் கல் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போனது. பிளவு குறைந்த இடம் மட்டும் திடமாக நின்றது. பின்னால் மேல்மண் கழுவிப் போனதும் அந்த மிச்சம் வெளியே தெரிந்தது. 1955இல் புவியியலாளர் டேவிட் லிண்டன் சொன்ன விளக்கம் இது. உறைபனிக் காலத்தின் குளிரே போதும், நிலத்தடியில் உளுத்திருக்க வேண்டியதில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. எப்படியானாலும் நம் கண்முன் நிற்பது ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும் கல்.

எனவே ‘துறுகல்’. துறுதல் என்றால் நெருங்குதல். குறுந்தொகையின் 47ஆம் பாட்டில் வேங்கைப் பூ உதிர்ந்த துறுகல் புலிக்குட்டிபோலத் தெரியும். அங்கே அது ஒற்றைக் குண்டுக்கல்தான். அடுக்குக்கும் அதை நீட்டுகிறேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், டோர், துறு என்ற ஓசை ஒற்றுமையைத் தயவுசெய்து யாரும் காரணமாகக் காட்ட வேண்டாம். அது தற்செயல். அதை வைத்து வேர்ச்சொல் தேடக் கிளம்பினால் நல்ல சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். டோரின் அடியில் சரிவெங்கும் இறைந்து கிடக்கும் கற்களுக்கு டார்ட்மூர்க்காரர்கள் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் ‘சிதறுகல்’ எனலாம். மேலே துறுகல், கீழே சிதறுகல்.

இடப்பெயர்களை மாற்றக் கூடாது. பீக் டிஸ்ட்ரிக்டில் உள்ள மாம் டோர், மாம் டோராகவே இருக்கட்டும். 517 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் களிப்பாறையும் மணற்கல்லும் மாறி மாறி இருப்பதால் அது சரிந்துகொண்டே இருக்கிறது. பெயரில் டோர் இருந்தும் அது துறுகல் அல்ல. பெயர் வேறு, கலைச்சொல் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூருக்கு முல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். முல்லை காடும் மேய்ச்சலும் சேர்ந்த நிலம். மூரோ மரமில்லாத, மக்கிய கரிமண் மூடிய மேட்டுநிலம். இப்போதைக்கு மூர் என்றே எழுதுவோம்.

ஏறுதலுக்கான சொற்களில் இரண்டு மட்டும். பாறையில் நெடுக்காக ஓடும் பிளவுக்கு ‘விடர்’ என்ற பழைய சொல் அச்சாகப் பொருந்துகிறது. அதில் கையை நுழைத்து, உள்ளே மடக்கி இறுக்கித் தொங்கி ஏறுவதற்குக் ‘கைச்செருகல்’. மான்செஸ்டர்காரரான ஜோ பிரவுன் 1950களில் இந்த முறையில் கைதேர்ந்தவராகப் பேர் வாங்கினார். விடரில் செருகிவைத்துக் கயிற்றை மாட்டும் உலோகத் துண்டுக்கு ஆப்பு வேண்டாம், ‘நட்டு’ போதும். தொடக்கத்தில் உண்மையான இயந்திர நட்டுகளையே எடுத்து, உள்மரையைத் தேய்த்துவிட்டுக் கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். பருமணற்கல்லில் துளைபோட்டு ஆணி அடிப்பதில்லை என்பது அங்குள்ளவர்களின் உறுதியான வழக்கம். வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். நம் பட்டறைகளில் புழங்கும் சொல்லே இதற்கு இயல்பாக இருக்கிறது.

வரைப்பாறை பற்றி எனக்கு முழுத் திருப்தி இன்னும் வரவில்லை. மதுரை, தேனிப் பக்கத்து நண்பர்கள் யாராவது கல் உடைப்பவர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? செங்குத்தாக நிற்கும் பாறை முகத்தை அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.