புதுப்பிப்பு: தட்டை அடியா, படகு வாலா?
துப்பாக்கியால் தூர இலக்குச் சுடுதலுக்குத் தட்டை அடித் தோட்டாவா (பின்பக்கம் தட்டையாக இருப்பது), படகு வால் தோட்டாவா (பின்பக்கம் குறுகிப் போவது) என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, முடிவு செய்துவிட்டேன்: படகு வால்தான். பின்பக்கம் குறுகுவதால் தோட்டாவுக்குப் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தப் பகுதி சிறிதாகி இழுவை குறைகிறது, வேகம் கூடுதலாக மிஞ்சுகிறது, பக்கக் காற்றும் அவ்வளவாகத் தள்ளுவதில்லை. 600, 900 மீட்டரில் புள்ளியைத் தின்பது அந்தக் காற்றுதான். தோட்டா இறங்குவதையாவது சைட்டில் (துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவியில்) சரிசெய்துகொள்ளலாம்.

100, 200 மீட்டருக்கு மட்டும் சுடுகிறவர்கள் சரி, தட்டை அடியையே வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சீராகச் செய்வது எளிது, குழல் முனையில் சிறு குறை இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது.

அப்புறம், புளூம்ஃபொன்டைன் போகும் அண்ணன்மார்களே, அந்த ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவு, டர்பன் சைட் கணக்கை அப்படியே கொண்டுபோனால் குண்டு இலக்குக்கு மேலே ஏறிவிடும்.