மகளின் சுருட்டை முடி பின்னந்தலையில் சிக்குப் பிடிக்கிறது. டிரையர் இல்லாமல் வழி உண்டா?

இளவேனில்
வணக்கம். பொண்ணுக்கு நல்ல சுருட்டை முடி. தலைக்குக் குளித்த அன்று அழகாகச் சுருண்டு நிற்கும். மறுநாள் காலையில் பின்னந்தலை முழுக்கச் சிக்கு. சீப்பைக் கையில் எடுத்தாலே அழுகிறாள். டிரையர் போட்டு நேராக்கிச் சடை பின்னு என்கிறார் நாத்தனார். சின்னக் குழந்தை தலையில் சூடு வைக்க எனக்கு மனசே வரவில்லை. அடுத்த வாரம் பள்ளி ஆண்டு விழா, நடனத்துக்கு இரட்டைச் சடை போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன்.

தாமிரபரணி
வயசு என்னங்க? என்ன ஷாம்பூ, வாரத்துக்கு எத்தனை தடவை? சீவுவது ஈரத்திலா, காய்ந்த பிறகா? கண்டிஷனர் போடுகிறீர்களா?

கொங்கு_அப்பா
அதெல்லாம் இருக்கட்டும், வீட்டில் என்ன தண்ணீர்? போர் தண்ணீர் என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். நாங்கள் வீடு மாறியதும் பையன் முடி தானாகச் சரியானது.

செண்பகம்_பாட்டி
குலதெய்வம் கோயிலில் இன்னொரு மொட்டை போட்டுவிடு கண்ணு. என் பேத்திக்கு மூன்றாவது மொட்டைக்கு அப்புறம் முடி நேராக வந்தது.

கலைவாணி (மூத்த உறுப்பினர்)
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் ஐந்து நிமிடம் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் வரமாட்டேன் என்கிறது. சரி, இன்னொரு முறை.

மொட்டை அடித்தால் முடி நேராகாது. சுருள் உருவாவது தோலுக்கு அடியில், வளைந்த மயிர்க்காலில். கத்தி அந்த ஆழத்துக்குப் போவதில்லை. குழந்தை வளர வளர முடியின் தன்மை மாறுவது இயல்பு, அந்தப் பெயரை மொட்டை வாங்கிக்கொள்கிறது. சுருட்டை முடியில் தலைத்தோலின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவது கடினம். அதனால் நுனி வறண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அடிப்படை புரியாமல் ஷாம்பூ பெயர் கேட்டு என்ன பயன்?

செண்பகம்_பாட்டி
கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன் அம்மா. பெரியவர்கள் சொன்னால் கேட்கவே கூடாது என்று இருந்தால் சரி.

இளவேனில்
நாலு வயசு. குழந்தைகள் ஷாம்பூதான், வாரம் இரண்டு தடவை. கண்டிஷனர் போட்டதில்லை, குழந்தைக்குப் போடலாமா? காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது சீவுவேன். போர் தண்ணீர், டிடிஎஸ் 900 காட்டுகிறது. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டு, காய்ந்ததும் எடுத்துவிடுவேன்.

கொங்கு_அப்பா
900! சொன்னேன் பாருங்கள்.

நீர்நிலை
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்த எல்லாவற்றின் அளவு. கடினத்தன்மை என்பது கால்சியம், மக்னீசியம் சம்பந்தப்பட்டது. டிடிஎஸ் மீட்டரை வைத்து அதைச் சொல்ல முடியாது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 குடிநீருக்கு இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000, 600 வரை அனுமதி. ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து, துளி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் பால் திரிந்த மாதிரி மிதந்தால் கடினநீர்.

தாமிரபரணி
இப்போதுதான் விஷயம் தெரிகிறது. தண்ணீருக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் எனக்குப் படுவது துண்டும் காலைச் சீவலும்தான். என் இரண்டு பெண்களுக்கும் இதே முடி, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

காய்ந்த சுருட்டை முடியில் சீப்பு வைக்காதீர்கள். சுருள் குலைந்து பறட்டையாகும், முடியும் அறும். சிக்கெடுப்பது குளியலறையில், முடி நனைந்திருக்கும்போதே, வழுக்கலாக ஏதாவது தடவி. நாலு வயசுக்கு வாசனை குறைந்த கண்டிஷனர் தாராளமாகப் போடலாம், தலைத்தோலில் படாமல் முடியில் மட்டும். அது வேண்டாம் என்றால் செம்பருத்தி இலை. ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் கசக்கினால் வெண்டைக்காய்ச் சாறு போலக் கொழகொழவென்று வரும். துணியில் வடிகட்டியே ஆக வேண்டும். வடிகட்டாமல் போட்டால் இலைத் துணுக்கு ஒவ்வொன்றும் சுருளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், அதைப் பொறுக்கி எடுப்பதற்குள் பிள்ளை அழுது முடித்திருக்கும்.

முடியை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் விரல், அப்புறம் பல் அகன்ற சீப்பு. நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தலையில் இழுக்காது. பிள்ளை அழுவது அந்த இழுப்புக்குத்தான்.

அப்புறம் துண்டு. பூத்துண்டு வேண்டாம், அதன் நூல் வளையங்களில் முடி மாட்டும். அப்பாவின் பழைய பனியனோ வேட்டித் துணியோ எடுத்து, முடியைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையில் ஏந்தி அமுக்கி விடுங்கள். தேய்க்காதீர்கள். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். ஈரம் போகப் போகத்தான் முடி தன் வடிவத்தில் இறுகுகிறது, நடுவில் கோதினால் சுருள் பிரிந்து பறக்கும். ஷாம்பூ வாரம் ஒன்று போதும். ராத்திரி தளர்வாக ஒரு பின்னல், தலையணைக்குச் சாட்டின் உறை.

வெண்பா_அம்மா
இயல்பாகக் காயவிட்டால் சளி பிடிக்காதா? எங்கள் வீட்டில் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டாமல் விடமாட்டார்கள். டிரையர் இல்லாமல் காயவைக்க அதுதான் வழி.

மருந்தாளர்_திருச்சி
தயவுசெய்து வேண்டாம். நாலு வயசுக் குழந்தையை மூடிய அறையில் புகையில் உட்கார வைப்பது மூச்சுக்குழாய்க்கு நல்லதல்ல. வீசிங் இருக்கும் பிள்ளைகளுக்கு இருமல் கிளம்பிவிடும். சளி வைரஸால் வருவது, ஈரத் தலையால் அல்ல.

வெண்பா_அம்மா
தலைமுறை தலைமுறையாகக் காட்டித்தான் வளர்ந்தோம். கொசுவர்த்தி கொளுத்தும்போது யாரும் புகை என்று சொல்வதில்லை.

மருந்தாளர்_திருச்சி
அதையும்தான் வேண்டாம் என்கிறேன்.

செண்பகம்_பாட்டி
கடையில் விற்கிற கப் சாம்பிராணியும், கரித்தணலில் போடுகிற கட்டிச் சாம்பிராணியும் ஒன்றா?

கலைவாணி (மூத்த உறுப்பினர்)
கேட்டது சுருட்டை முடி. சாம்பிராணிக்குத் தனி இழை தொடங்குங்கள். டிரையர் பற்றி யாரும் சரியாகச் சொல்லாததால் நான் சொல்கிறேன். அதிகச் சூடு முடியின் புரதத்தைக் கெடுக்கும். ஒருமுறை அப்படிக் கெட்ட சுருள் திரும்பாது, புது முடி வளர்ந்துதான் வர வேண்டும். இளவேனிலின் முடிவு சரி. இரட்டைச் சடைக்கு நேராக்கவே தேவையில்லை. முதல் நாள் மாலையே அலசிச் சிக்கெடுத்து, லேசான ஈரத்தில் தளர்வாகப் பின்னிவிடுங்கள். நெற்றி ஓரம் தோல் இழுபட்டுத் தெரிந்தால் அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள். தொடர்ந்து இறுக்கிப் பின்னினால் அந்த ஓரத்தில் முடி கொட்டும்.

கொங்கு_அப்பா
கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீரில் அலசுங்கள். செலவில்லை, செய்துதான் பாருங்களேன்.

இளவேனில்
எல்லோருக்கும் நன்றி. செம்பருத்தியும் பனியனும் கைகொடுத்தன. சிக்கு முழுக்கப் போகவில்லை, காதுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. ஆனால் அழவில்லை. விழாவுக்குச் சடையும் போட்டாயிற்று. அப்புறம் வந்து எழுதுகிறேன்.

புதுஅம்மா_கோவை
என் பையனுக்கும் இதே பிரச்சினை. இளவேனில், இலைச்சாற்றை அலசிவிட்டீர்களா, அப்படியே விட்டுவிட்டீர்களா?

தாமிரபரணி
அலச வேண்டும். பையனுக்கு வயசு என்னங்க?